முனைவர் பட்ட உதவித்தொகை: முதலில் சான்றிதழைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் நடக்கும் தேசியத் தேர்வான நெட்டின் அறிவிப்பு ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. ஜூன் தேர்வுக்கு ஒன்று, டிசம்பர் தேர்வுக்கு ஒன்று. வந்ததும் விண்ணப்பக் கட்டணமும் கடைசித் தேதியும் நாளிதழ்களில் செய்தியாகின்றன. அந்தத் தேதிக்குள் விண்ணப்பித்துவிட்டால் போதும் என்றே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் முதுகலை முடிக்கும் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஃபெலோஷிப், அதாவது ஆய்வு உதவித்தொகை, கைநழுவுவது பல நேரம் அதற்கும் முன்னால், இ-சேவை மையத்தில். தவறான சான்றிதழ், காலாவதியான சான்றிதழ், பெயர் ஒத்துப்போகாத சான்றிதழ் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. ஆய்வு மாணவர்களின் விண்ணப்பங்களைப் பார்த்துக் கையெழுத்திடும் இடத்தில் இருப்பவர்கள் என்ற முறையில், அறிந்ததை உங்கள் வாசகர்களுக்கு விவரமாகச் சொல்ல விரும்புகிறோம்.

எவ்வளவு பணம் என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை, அதாவது ஜேஆர்எஃப், மாதம் ரூ.37,000. இரண்டு ஆண்டுக்குப் பிறகு முதுநிலையாக உயரும்போது மாதம் ரூ.42,000. ஐந்து ஆண்டுகளும் முழுமையாகக் கிடைத்தால் சரியாக ரூ.24 லட்சம். வீட்டு வாடகைப்படியும் எதிர்பாராச் செலவு நிதியும் இதற்கு மேல். அந்த நிதி கலை, சமூக அறிவியலுக்கு முதல் இரண்டு ஆண்டு தலா ரூ.10,000, பிறகு ஆண்டுக்கு ரூ.20,500, அறிவியலுக்கு ரூ.12,000, பிறகு ரூ.25,000. பிஎச்.டி. படிக்க வைக்க எங்களால் முடியாது என்று சொல்லும் பெற்றோரிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்ட வேண்டும்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஃபெலோஷிப்பில் ஆண்டுக்கு 2,000 இடங்கள். இவற்றில் 1,500 பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நெட் வழியாகவும், 500 அறிவியல் பாடங்களுக்கென அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுவோடு (சிஎஸ்ஐஆர்) சேர்ந்த நெட் வழியாகவும் நிரப்பப்படுகின்றன. இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பு (ஓபிசி) மாணவர்களுக்கு 1,000 இடங்கள். 750, 250 என்று பிரிகின்றன. இவை பொதுவான ஜேஆர்எஃப் எண்ணிக்கைக்கு மேல் கூடுதலாக வருபவை. தனித் தேர்வு கிடையாது, நெட் மதிப்பெண்தான் அளவுகோல். ஆகவே நெட் விண்ணப்பத்தில் பிரிவு என்ற கட்டத்தில் என்ன நிரப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சான்றிதழ் கையில் இல்லை, இப்போதைக்குப் பொதுப்பிரிவு என்று போட்டுவிடலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று கணினி மையத்தில் சொல்வதைக் கேட்டு அப்படியே செய்பவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பம் முடிந்ததும் திருத்தத்துக்குக் கிடைப்பது சில நாள்தான். அதைத் தவறவிட்டால் அந்தச் சுற்று முழுவதும் பொதுப்பிரிவுதான்.

இனி ஓபிசி சான்றிதழ். இந்த இரண்டு மாவட்டங்களிலும் அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். நம்மிடம் இருப்பது பி.சி. அல்லது எம்.பி.சி. என்று எழுதிய மாநில அரசின் சாதிச் சான்று. பள்ளி, கல்லூரிச் சேர்க்கை, டிஎன்பிஎஸ்சி எல்லாவற்றுக்கும் அது செல்லும். மத்திய அரசின் ஃபெலோஷிப்புக்குச் செல்லாது. மத்திய அரசு பணிகளுக்கும் கல்விக்கும் என்றே தனியாக வட்டாட்சியர் தரும் ஓபிசி சான்றிதழ் வேண்டும். அதில் கிரீமிலேயரில், அதாவது பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவில், வரவில்லை என்ற வரி இருக்க வேண்டும். மாநில சாதிச் சான்று நிரந்தரமானது. ஓபிசி சான்று அந்தந்த நிதியாண்டுக்கானது. அறிவிப்பில் எந்த ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியது வேண்டும் என்று போட்டிருக்கிறதோ, அதற்குப் பிந்தைய தேதி இருக்க வேண்டும். போன ஆண்டுச் சான்றைப் பதிவேற்றிவிட்டு, முடிவு வந்த பிறகு சரிபார்ப்பில் சிக்கிக்கொள்வது வழக்கமான தவறு.

இன்னொன்று: சாதிப் பெயர் மத்தியப் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே சான்றிலும் இருக்க வேண்டும். வன்னியகுல சத்திரியர் போன்ற பெயருக்கு ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்துக்கூட்டல் புழக்கத்தில் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் தேசிய பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் தமிழ்நாட்டுப் பட்டியலைத் திறந்து, வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, இ-சேவை மையத்தில் தட்டச்சு செய்பவரிடம் காட்டுங்கள். அவர் மனதில் இருக்கும் எழுத்துக்கூட்டலுக்கு விட்டுவிடாதீர்கள்.

கிரீமிலேயர் வரம்பு 2017 முதல் ஆண்டுக்கு ரூ.8 லட்சம், தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு. இதைக் கணக்கிடும் முறையில்தான் கிராம நிர்வாக அலுவலர் மட்டத்திலேயே குழப்பம் தொடங்குகிறது. 1993 செப்டம்பர் 8-ஆம் தேதியிட்ட மத்திய அரசு ஆணைப்படி, இந்த வருமானச் சோதனையில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. பெற்றோர் அரசுப் பணியில் இருந்தால் பார்க்க வேண்டியது அவர்களின் பணிநிலை. நிலம் இருந்தால் பார்க்க வேண்டியது பாசன நிலத்தின் பரப்பு, நில உச்சவரம்பில் 85 சதவீதத்தை எட்டுகிறதா என்பது. கிருஷ்ணகிரிக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய வரி அந்த ஆணையிலேயே இருக்கிறது. மாந்தோப்பு விவசாய நிலமாகவே கருதப்படும் என்று அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒரு நல்ல விளைச்சல் ஆண்டில் மாம்பழம் விற்ற பணத்தை வருமானமாகக் கூட்டி, உனக்குச் சான்று கிடையாது என்று மாணவரைத் திருப்பி அனுப்புவது சரியல்ல. ஆணையின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து விண்ணப்பத்தோடு இணைத்தால் வாதமே தேவைப்படாது.

பழங்குடி மாணவர்களின் வழி வேறு. மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் நேரடியாக ஆண்டுக்கு 750 ஃபெலோஷிப் தருகிறது. இதற்கு நெட் தேர்ச்சி தேவையில்லை, முதுகலை மதிப்பெண் அடிப்படையில் தேர்வு. முழுநேர பிஎச்.டி. பதிவு மட்டும் முன்னதாகவே இருக்க வேண்டும். இந்தச் செய்தி சித்தேரியிலும் வத்தல்மலையிலும் தளி, அஞ்செட்டி பக்கத்திலும் போய்ச் சேரவில்லை என்பதுதான் எங்கள் பெரிய வருத்தம். நெட் பாஸ் பண்ணவில்லையே என்று ஒதுங்கிப்போகும் பழங்குடி மாணவர், தனக்குத் திறந்திருக்கும் கதவைத் தள்ளிப் பார்க்காமலே திரும்புகிறார். இருளர்கள் தமிழ்நாட்டின் ஆறு நலிவுற்ற பழங்குடிகளில் ஒருவர். அப்பிரிவினருக்கு இத்திட்டத்தில் முன்னுரிமையும் உண்டு.

இங்கே சான்றிதழ் தருபவர் வட்டாட்சியர் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகிய நான்கு கோட்டங்களில் மாணவரின் சொந்த ஊர் எதில் வருகிறதோ அங்கே. நேரடி விசாரணை உண்டு என்பதால் மாதக்கணக்கில் ஆகலாம். எனவே எம்.ஏ., எம்.எஸ்சி. முதலாண்டிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. தந்தை அல்லது உடன்பிறந்தவரின் பழங்குடிச் சான்று இருந்தால் அதன் நகலையும் தந்தையின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். விசாரணை அலுவலர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

மலையாளிப் பழங்குடியினருக்கு இன்னொரு சிக்கல். பட்டியலில் அவர்கள் பெயர் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள் என்று மாவட்டப் பெயர்களோடு இருக்கிறது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. வெளிமாநிலத்தில் உட்கார்ந்து சரிபார்க்கும் ஒருவர், கிருஷ்ணகிரி பட்டியலில் இல்லையே என்று நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. மலையாளி என்ற சொல்லைப் பார்த்து இவர் கேரளத்துக்காரர் என்று எண்ணிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. மாவட்டப் பிரிப்பைச் சொல்லும் நாலு வரி விளக்கக் கடிதத்தைத் துறைத் தலைவரின் கையொப்பத்தோடு முதலிலேயே இணைத்துவிடுங்கள்.

ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஆராய்ச்சிக்குப் பெங்களூரு போகிறார்கள். கல்லூரி எங்கே இருந்தாலும் சான்று சொந்த மாநிலத்துடையதுதான், தகுதியும் சொந்த மாநிலப் பட்டியலின்படிதான். லம்பாடி மக்கள் ஆந்திரத்தில் பழங்குடி, கர்நாடகத்தில் பட்டியல் சாதி, தமிழகத்தில் இரண்டுமில்லை. தமிழகத்துத் தாண்டாவில், அதாவது லம்பாடிக் குடியிருப்பில், பிறந்தவர் கர்நாடகத்தில் சேர்ந்ததால் அந்தத் தகுதி வந்துவிடாது. உறவினர் சொன்னார் என்று அங்கே ஒரு சான்று வாங்கி விண்ணப்பித்தால், உதவித்தொகையோடு பட்டமும் போகும் அளவுக்கு வழக்கு வரும்.

மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்களுக்கு மத்திய அரசின் பட்டியல் சாதி ஃபெலோஷிப் கிடையாது. மத்தியப் பட்டியலில் அவர்கள் ஓபிசி. அந்த வழியில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர பிஎச்.டி. மாணவருக்குத் தரும் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் ஊக்கத்தொகை, ஆதிதிராவிடர், பழங்குடியினரோடு இவர்களுக்கும் சேர்த்தே வகுக்கப்பட்டது. சிறுபான்மையினருக்கென இருந்த மௌலானா ஆசாத் ஃபெலோஷிப் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதன் பழைய படிவத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சாதிப் பெயர் மத்தியப் பட்டியலில் இருந்தால் ஓபிசி வழி இருக்கிறது.

ஒரே மகளாகப் பிறந்த பெண்களுக்கு யுஜிசியின் சாவித்ரிபாய் ஜோதிராவ் ஃபுலே ஃபெலோஷிப் உண்டு. உடன்பிறந்த சகோதரன் இருந்தால் தகுதி இல்லை. இரட்டைப் பெண்கள் என்றால் உண்டு. முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி வட்டாட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் சான்று பெற வேண்டும்.

இப்போது பெயர். வடநாட்டு முறையில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று வடிவமைத்த இணையப் படிவத்தில் நம் தலைப்பெழுத்துப் பெயர் படும் பாடு சொல்லி மாளாது. ஓர் எடுத்துக்காட்டு: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ‘செல்வி மு’. ஆதாரில் ‘செல்வி முருகன்’. வங்கிப் புத்தகத்தில் ‘எம்.செல்வி’. சாதிச் சான்றில் ‘மு.செல்வி, த/பெ முருகன்’. நமக்கு நான்கும் ஒரே பெண். கணினிக்கு நான்கு பேர். பத்தாம் வகுப்புப் பட்டியலை ஆதாரமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்றபடி மாற்றுங்கள். முதலில் ஆதார், அடுத்து வங்கி, கடைசியில் வருவாய்த்துறைச் சான்றுகள். ஆதாரில் பெயர்த் திருத்தம் வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதி. அதனால் அவசரத்தில் ஒன்றை வீணாக்காமல், புள்ளி, இடைவெளி, தலைப்பெழுத்து முன்னாலா பின்னாலா என்பதையெல்லாம் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு மையத்துக்குப் போங்கள். திருமணமான பெண்கள் கணவர் பெயரை ஆதாரில் சேர்த்திருந்தால், படிப்பு முடியும் வரை தந்தை பெயரோடு இருப்பதே வேலையைக் குறைக்கும்.

நெட் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் தாள் 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் 100 கேள்வி, 200 மதிப்பெண். சேர்த்து மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படாது, ஆகவே எதையும் விடாமல் எழுத வேண்டும். தமிழ் பாடம் எடுத்தவருக்கும் முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் படித்தவர்கள் அதற்கென்று ஆறு மாதமாவது ஆங்கிலத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். ஜேஆர்எஃப் வயது வரம்பு 30. எஸ்சி, எஸ்டி, ஓபிசி, பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோருக்கு ஐந்து ஆண்டு தளர்வு. 2024 ஜூன் முதல் நெட் மதிப்பெண்ணை பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள், பிஎச்.டி.க்கு மட்டும் தகுதி பெற்றவருக்கு அந்த மதிப்பெண் 70 சதவீதம், நேர்காணல் 30 சதவீதம், ஓராண்டுதான் செல்லும்.

அந்த ஓராண்டுக்குள் நெறியாளர் கிடைக்க வேண்டுமே! 2022 யுஜிசி விதிப்படி பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்கு உட்பட்ட கல்லூரிகளில் இடம் தேடுபவர், நெறியாளரிடம் தலைப்பைப் பேசும் முன் இந்த இரண்டையும் தயங்காமல் கேட்டுவிட வேண்டும்: காலியிடம் இருக்கிறதா, ஓய்வு எப்போது? கல்லூரிக்கு யுஜிசி பட்டியலில் இடம்பெறவும் அதன் நிதி பெறவும் தேவையான, யுஜிசி சட்டத்தின் 2(எஃப்), 12(பி) அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பகுதிநேரப் பதிவுக்கு எந்த ஃபெலோஷிப்பும் இல்லை. தனியார் பள்ளி வேலையை விடாமல் பகுதிநேரமாகச் சேர்ந்துவிட்டு, பிறகு உதவித்தொகை கேட்பவர்களுக்கு எங்களால் எதுவும் செய்து தர முடிவதில்லை.

சேர்க்கை நேர்காணலுக்கும், மாதம் ரூ.20,000 தரும் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு (ஐசிஎஸ்எஸ்ஆர்) ஃபெலோஷிப்புக்கும் ஆய்வுத் திட்ட வரைவு வேண்டும். நம் பிள்ளைகளின் வரைவு பெரும்பாலும் ‘தருமபுரி மாவட்டத்தில் ஃபுளோரைடு பாதிப்பு – ஓர் ஆய்வு’ என்ற மாதிரி இருக்கிறது. இதில் கேள்வி இல்லை. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை அனுமதி என்பது தெரிந்ததே. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013 முதல் வந்துகொண்டிருப்பதும் தெரிந்ததே. ‘கூட்டுக் குடிநீர் வரும் பென்னாகரம் வட்டத்துக் கிராமங்களில் இன்னும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கும் வீடுகள் எவை, எந்த மாதங்களில், என்ன காரணத்தால்?’ என்று கேட்டால் அது ஆய்வு. எத்தனை கிராமம், எத்தனை வீடு, நீர் மாதிரி எத்தனை முறை, எந்த ஆய்வகம் என்று அடுத்த பத்தியில் எழுத முடிகிறது. எழுத முடியவில்லை என்றால் தலைப்பு இன்னும் பழுக்கவில்லை.

வெளிநாடு போக நினைப்பவருக்கு மத்திய அரசின் தேசிய அயலகக் கல்வி உதவித்தொகையில் 125 இடங்கள். பட்டியல் சாதியினருக்கு 115, சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினருக்கு 6, நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் பிள்ளைகளுக்கு 4. குடும்ப வருமானம் ரூ.8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், 60 சதவீத மதிப்பெண் வேண்டும். இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய தலைப்புகளை 2022 முதல் இதில் ஏற்பதில்லை. நடுகல் ஆய்வை லண்டனில் செய்ய இந்தப் பணம் வராது.

ஃபெலோஷிப் கிடைத்த பிறகும் பணம் நிற்பதற்குக் காரணங்கள் உண்டு. தொகை ஆதார் வழியாக வருகிறது. ஆதார் எண்ணை வங்கியில் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வர வேண்டிய கணக்கு இதுதான் என்று வங்கிகளுக்கிடையே பணத்தை அனுப்பிவைக்கும் தேசிய நிறுவனமான என்பிசிஐயின் பதிவில் இணைப்பது வேறு. கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தோமோ அங்கேதான் போகும். நூறு நாள் வேலைக்கோ எரிவாயு மானியத்துக்கோ எப்போதோ தொடங்கிய கணக்காகவும் அது இருக்கலாம். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற இடத்தில் பார்த்துவிடலாம். முழு ஆவணம் தராமல் தொடங்கிய சிறு கணக்கு என்றால் இருப்பு ரூ.50,000-ஐத் தாண்டக் கூடாது, ஆண்டு வரவு ரூ.1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. மூன்று மாத நிலுவை சேர்ந்து வந்தால் ரூ.1,11,000. அந்தக் கணக்கில் விழாது, திரும்பிவிடும். சேர்ந்த வாரமே வங்கிக்குப் போய் முழுக் கணக்காக மாற்றிவிடுங்கள்.

யுஜிசி உதவித்தொகையில் மாணவர் வருகையை ஒவ்வொரு மாதமும் பல்கலைக்கழகத்தில் ஒருவர் இணையத்தில் பதிவுசெய்ய வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். இரண்டாமவர் மாறுதலாகிப் போனால் அத்தனை பேர் பணமும் நின்றுவிடும். மாதக் கடைசியில் கேட்டுக்கொள்வது மாணவரின் வேலையாகவே ஆகிவிட்டது. இரண்டாம் ஆண்டு முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே முதுநிலை உயர்வுக்கான குழுவைக் கூட்டச் சொல்லுங்கள். வெளி நிபுணர் தேதி கிடைக்காமல் ரூ.37,000-த்திலேயே நிற்பவர்கள் உண்டு. விடுதியில் இடம் கொடுத்தும் வேண்டாம் என்றால் வாடகைப்படி கிடையாது.

தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி ஊக்கத்தொகையையும் விட்டுவிட வேண்டாம். ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வு வழியாக 120 பேருக்கு மாதம் ரூ.25,000. ஒரே நேரத்தில் இரண்டு ஃபெலோஷிப் வாங்க முடியாது. ஆனால் பலவற்றுக்கு விண்ணப்பித்துவிட்டு ஒன்றைத் தேர்ந்துகொள்வதில் தடையில்லை.

இரண்டு வேண்டுகோள்கள். கடைசித் தேதியோடு என்னென்ன சான்று, எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது, யார் கையெழுத்து என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாகத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும். மாவட்ட நிர்வாகங்கள் ஓபிசி சான்றுக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அரசு கலைக் கல்லூரிகளிலேயே முகாம் நடத்த வேண்டும். தேர்வுகள் முடிந்து பிள்ளைகள் ஊருக்குக் கிளம்புவதற்குள் என்றால்தான் பயன். பழங்குடிச் சான்றுக்கான விசாரணையை அரூரில் வைக்காமல் சித்தேரியிலேயே ஒரு நாள் நடத்தினால், மலையிலிருந்து தந்தையும் சாட்சிகளும் கூலியை விட்டுவிட்டுப் பேருந்தில் இறங்கி வர வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஆய்வு நெறியாளர்கள் சிலர்,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்